இருளில் உழைக்கும் விழித்திரை: கோலார் தங்கவயலின் ஆழத்திலிருந்து பார்வையைப் பற்றிய ஓர் ஆய்வு

கர்நாடக மாநிலம் கோலார் தங்கவயலில் மாரிக்குப்பத்தை ஒட்டிய மைசூர் சுரங்கம், தமிழ்த் தொழிலாளர் நாவில் மைசூர் மைன்ஸ் ஆகி, அதைச் சூழ்ந்த குடியிருப்புக்கும் அதுவே பெயராக நிலைத்தது. 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் பொறுப்பேற்ற நாள் தொடங்கி, 2001 பிப்ரவரி 28 அன்று தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டது வரை, வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து குடிபெயர்ந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்தப் பாறைக்குள் இறங்கி ஏறினார்கள். அந்த வரலாற்றை எழுதியோர் பொன்னின் அளவையும் நிறுவனங்களின் இலாபத்தையும் வேலைநிறுத்தங்களையும் பதிவு செய்திருக்கிறார்கள். பாறைத்தூசி நுரையீரலைக் கெடுக்கும் சிலிகோசிஸ் நோயும், அழுத்தம் தாங்காமல் பாறை சிதறித் தெறிக்கும் விபத்துகளும் கூட ஓரளவு எழுதப்பட்டுள்ளன. அந்த உழைப்பில் கண்ணின் பங்கு எவ்வளவு என்பதோ அரிதாகவே பேசப்படுகிறது. இருட்டில் கண் ஓய்ந்திருக்கிறது என்ற பொதுவான எண்ணம் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். விழித்திரையின் ஒளியுணர் செல்களைப் பற்றிக் கடந்த ஒன்றரை நூற்றாண்டில் திரண்ட அறிவு இந்த எண்ணத்தைத் தலைகீழாக்குகிறது. அச்செல்கள் மிகுதியாக உழைப்பதும், மிகுதியாக ஆற்றலைச் செலவிடுவதும் இருளில்தான்.

நண்பகல் வெயிலில் தங்கவயலின் தரையில் விழும் ஒளி ஏறத்தாழ 1 இலட்சம் லக்ஸ் அளவினது; லக்ஸ் என்பது ஒரு பரப்பின்மேல் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதைக் குறிக்கும் அலகு. ஷாப்ட் என்ற செங்குத்துக் குழியின் வாயில் கூண்டில் ஏறியவர் சில நிமிடங்களில் லெவல் எனப்படும் ஒரு கிடைமட்டச் சுரங்கத் தளத்தில் இறங்கும்போது, விளக்கு எட்டாத மூலைகளில் இந்த அளவு சுழியமாகிவிடுகிறது. நிலவில்லாத இரவிலும் மேற்பரப்பில் விண்மீன்களின் ஒளி இருக்கிறது. பாறைக்குள் அதுவும் இல்லை. முற்றிலும் ஒளியற்ற இடத்தில் எந்தக் கண்ணும் எவ்வளவு நேரம் பழகினாலும் எதையும் காணாது என்பதால், சுரங்கத் தொழிலாளியின் பார்வை அவர் கொண்டுசென்ற விளக்கின் பார்வையே. ஆயினும் அந்தச் சிறு விளக்கின் ஒளியைக்கொண்டு பாறையின் விரிசலையும் மேற்கூரையின் தொய்வையும் கண்டறிய முடிந்ததென்றால், வெயிலுக்கும் விளக்குக்கும் இடையிலுள்ள பேரளவு வேறுபாட்டைக் கண் எவ்வாறோ ஈடுசெய்கிறது என்றே பொருள். கண்மணியின் துளை விரிவதால் மட்டும் இது நடப்பதில்லை. சுமார் 2 மில்லிமீட்டரிலிருந்து 8 மில்லிமீட்டர் வரை அது விரிந்தாலும் உள்ளே நுழையும் ஒளி 16 மடங்குதான் கூடும். இலட்சக்கணக்கான மடங்கு வேறுபாட்டை ஈடுகட்டும் மீதிப் பணி முழுவதும் விழித்திரையைச் சேர்ந்தது.

விழித்திரை என்பது கண்ணின் உட்புறப் பின்சுவரில் படிந்த மெல்லிய நரம்புத் திசு. அதன் ஒளியுணர் செல்களில் இரு வகை உண்டு: நீண்டு மெலிந்த குச்சி செல்கள், முனை குறுகிய கூம்பு செல்கள். ஒரு மனிதக் கண்ணில் குச்சி செல்கள் சுமார் 9 முதல் 12 கோடி வரையும், கூம்பு செல்கள் சுமார் 50 முதல் 60 இலட்சம் வரையும் இருப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. ஜெர்மானிய உடற்கூறியலாளர் மாக்ஸ் ஷுல்ட்சே, இரவில் நடமாடும் விலங்குகளின் விழித்திரையையும் பகலில் நடமாடுபவற்றின் விழித்திரையையும் ஒப்பிட்டு, மங்கிய ஒளிக்குக் குச்சிகளும் பகலொளிக்கும் நிறத்துக்கும் கூம்புகளும் பொறுப்பானவை என்று 1866இல் முன்வைத்த கருத்து இன்றும் நிலைத்திருக்கிறது. வெயிலிலிருந்து இருளுக்கு வருபவரின் கண் எவ்வளவு மங்கிய ஒளியை உணர்கிறது என்று நிமிடத்துக்கு நிமிடம் அளந்தால், இந்த இரட்டை அமைப்பு வரைகோட்டிலேயே தெரியும். முதல் 7 முதல் 10 நிமிடங்களுக்குள் கூம்புகள் தம்மால் இயன்ற அளவுக்குத் தேறி நின்றுவிடுகின்றன. அதன்பின் குச்சிகள் அவற்றை முந்திக்கொண்டு, 30 முதல் 40 நிமிடங்கள் வரை கூர்மையை வளர்த்துக்கொண்டே போகின்றன. கூண்டு இறங்கும் வேகத்துக்கும் குச்சி செல்கள் தேறும் வேகத்துக்கும் இடையே இருந்த இந்த இடைவெளியில், ஷிப்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு தொழிலாளியும் தம் கண்ணின் முழுத் திறன் கைவராத நிலையிலேயே நடந்து சென்றிருக்க வேண்டும்.

இந்தத் தாமதத்தின் வேர் வேதியியலில் இருக்கிறது. 1876இல் ரோமில் பணியாற்றிய ஃபிரான்ஸ் போல், தவளையின் விழித்திரை இருளில் செந்நீலச் சிவப்பாக இருந்து ஒளி பட்டதும் வெளிறுவதைக் கண்டார். அடுத்த இரண்டாண்டுகளில் ஹைடல்பெர்க்கின் வில்லெல்ம் கூனே அந்த நிறப்பொருளைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தார். இன்று ரொடாப்சின் என்று அறியப்படும் அப்பொருள், ஆப்சின் என்ற புரதமும், வைட்டமின் ஏ-யிலிருந்து உருவாகும் ரெட்டினால் என்ற சிறு மூலக்கூறும் இணைந்தது. குச்சி செல்லின் வெளிமுனையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட சுமார் ஆயிரம் தட்டுகளில் ஏறத்தாழ 10 கோடி ரொடாப்சின் மூலக்கூறுகள் பொதிந்திருக்கின்றன. ஃபோட்டான் எனப்படும் ஒளித்துகள் ஒன்று ரெட்டினாலில் உறிஞ்சப்படும்போது, வளைந்திருந்த அந்த மூலக்கூறு நேராக நிமிர்கிறது. ஒரு நொடியை ஒரு இலட்சம் கோடியாகப் பகுத்தால் வரும் துணுக்கை விடவும் குறைந்த நேரத்தில் முடிந்துவிடும் இந்த நிமிர்வு ஒன்றுதான் பார்வையில் ஒளி நேரடியாகச் செய்யும் வேலை. எஞ்சிய அனைத்தும் உடலின் வேலை. நிமிர்ந்த ரெட்டினால் புரதத்தை விட்டுப் பிரிகிறது. அதை மீண்டும் வளைந்த வடிவுக்குக் கொண்டுவர, விழித்திரைக்குப் பின்னுள்ள நிறமிப் படலத்துக்கு அனுப்பி, அங்கு நொதிகளால் மாற்றி, திரும்பப் பெற வேண்டியிருக்கிறது. இந்தச் சுற்றுப்பயணம் மெதுவானது. வெயிலில் வெளிறிய குச்சிகள் பழைய கூர்மையை எட்ட அரை மணி நேரத்துக்கு மேல் ஆவதற்கு இதுவே முதன்மைக் காரணம். வைட்டமின் ஏ-யும் விழித்திரையும் இவ்வாறு பிணைந்திருப்பதை 1930களிலிருந்து வெளிக்கொணர்ந்த ஜார்ஜ் வால்டுக்கு 1967இல் நோபல் பரிசு கிடைத்தது.

நிமிர்ந்த ரெட்டினால் ஆப்சினின் வடிவத்தையும் மாற்றுவதால் ஒரு தொடர் நிகழ்வு தொடங்குகிறது. தூண்டப்பட்ட ரொடாப்சின், டிரான்ஸ்டியூசின் என்ற புரதத்தின் பல மூலக்கூறுகளை அடுத்தடுத்துத் தூண்டுகிறது. அவை ஒரு நொதியை இயக்குகின்றன. அந்த நொதி, செல்லுக்குள் இருக்கும் வளைய ஜிஎம்பி என்ற தூதுப்பொருளை வேகமாகச் சிதைக்கிறது. இருளில் இத்தூதுப்பொருள் செல்லின் புறச்சவ்விலுள்ள வாயில்களைத் திறந்து வைத்திருக்கிறது. அவற்றின் வழியே சோடியம், கால்சியம் அயனிகள் இடையறாது உள்ளே பாய்கின்றன. இது இருள்மின்னோட்டம் எனப்படும். தூதுப்பொருள் குறைந்ததும் வாயில்கள் மூடுகின்றன, மின்னோட்டம் தணிகிறது, செல்லின் உட்புற மின்னழுத்தம் மைனஸ் 40 மில்லிவோல்ட்டு அளவிலிருந்து மைனஸ் 70ஐ நோக்கி இறங்குகிறது, அடுத்த நரம்புச் செல்லுக்குக் குளுட்டமேட்டு என்ற வேதிப்பொருளைச் சொரிவது குறைகிறது. ஒரே ஒரு ஃபோட்டான், பெருக்கப் பெருக்க, குச்சி செல்லின் இருள்மின்னோட்டத்தில் சில விழுக்காட்டை நிறுத்திவிடும் வலிமை பெறுகிறது.

இங்கு வியப்புக்குரியது செய்தியின் திசை. உடலின் பிற புலனுறுப்புகளில் பெரும்பாலானவை தூண்டல் வந்ததும் விழித்தெழுந்து மின்குறிப்பை எழுப்புகின்றன. முதுகெலும்புள்ள விலங்குகளின் ஒளியுணர் செல்களோ தூண்டல் இல்லாதபோது ஓயாமல் பேசிக்கொண்டிருந்து, ஒளி பட்டதும் அடங்குகின்றன. இருளில் உள்ளே பாயும் அயனிகளை வெளியேற்றச் செல்லின் பம்புகள் தொடர்ந்து இயங்க வேண்டும். முற்றிருளில் ஒரு குச்சி செல் நொடிக்கு ஏறத்தாழ 10 கோடி ஏடிபி மூலக்கூறுகளைச் செலவிடுகிறது. ஏடிபி என்பது செல்களின் ஆற்றல் நாணயம். பேரொளியில் இந்தச் செலவு நான்கில் ஒரு பங்குக்கும் கீழே விழுகிறது. மைசூர் சுரங்கத்தின் ஒரு ஷிப்டில் தோள்களும் முதுகும் துளைக்கருவியோடு போராடிய நேரம் முழுவதும், கோடிக்கணக்கான குச்சி செல்கள் உடலின் குருதியிலிருந்து ஆக்சிஜனையும் சர்க்கரையையும் இழுத்துக்கொண்டு இடைவிடாமல் இயங்கின என்று சொல்வது கவிதைக் கற்பனையன்று, உடலியல் உண்மை. இந்த உழைப்புக்குக் கூலிக் கணக்கில் இடமில்லை. உழைப்பின் வரலாற்றிலாவது இடம் இருக்க வேண்டும்.

காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து நீர்மின்சாரம் 1902 ஜூன் இறுதியில் தங்கவயலை எட்டியது. பெங்களூருக்கு மின்விளக்கு வந்ததோ 1905இல்தான். ஆனால் அந்த மின்சாரம் முதன்மையாகப் பளுதூக்கும் எந்திரங்களையும் கனிமம் அரைக்கும் ஆலைகளையும் ஓட்டுவதற்காகவே வாங்கப்பட்டது. பாறையை வெட்டும் முகப்பில் உழைப்பவருக்கு உலோகச் சுரங்கங்களில் பொதுவாகக் கிடைத்தவை முதலில் மெழுகுவத்தி, பின்னர் கார்பைடு விளக்கு, அதன்பின் இடுப்பில் பேட்டரியும் தொப்பியில் விளக்குமாக அமைந்த கேப் லாம்ப். தொப்பி விளக்கின் கற்றை விழும் சிறு வட்டத்தில் கூம்புகள் இயங்குகின்றன, அந்த வட்டத்துக்கு வெளியே சிதறும் மிக மெல்லிய ஒளியில் குச்சிகள் இயங்குகின்றன. இரு வகைச் செல்களும் ஒருசேர, ஒவ்வொன்றும் தன் எல்லையில் நின்று வேலை செய்யும் இந்த இடைநிலைதான் சுரங்கப் பார்வையின் உண்மையான களம். கற்றை காட்டாத பக்கவாட்டில் ஏதோ அசைவதை முதலில் உணர்த்துவது குச்சிகள்தான். பார்வை மையத்திலிருந்து ஏறத்தாழ 20 பாகை விலகிய பகுதியில் அவை மிக நெருங்கி நிற்கின்றன. எதிரே வருபவரின் முகத்தில் விளக்கைப் பாய்ச்சக் கூடாது என்று சுரங்கத்தினர் பேணும் வழக்கம் வெறும் மரியாதையைச் சேர்ந்ததன்று. ஒரு கணம் நேராகப் பாயும் ஒளியில் வெளிறிய ரொடாப்சின் மீள்வதற்குப் பல நிமிடங்கள் ஆகும், அந்த நிமிடங்களில் காலடியிலுள்ள குழி தெரியாது.

பார்வை மையமான நடுக்குழியில் குச்சி செல்களே இல்லை என்பது இன்னொரு சிக்கலைத் தோற்றுவித்தது. கூம்புகள் மட்டுமே நெருக்கமாக நிறைந்த இப்பகுதி, நல்லொளியில் நுண்ணிய விவரங்களைப் பிடிக்கும். மிக மங்கிய ஒளியில் அதுவே குருட்டுப்புள்ளியாகிவிடும். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில், வெடிவாயுவுக்கு அஞ்சிக் கண்ணாடியாலும் கம்பிவலையாலும் மூடிய பாதுகாப்பு விளக்குகளின் மங்கலான ஒளியில் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்களுக்கு, கண்விழிகள் தம் விருப்பமின்றி ஆடிக்கொண்டிருக்கும் நோய் பரவலாகக் காணப்பட்டு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இழப்பீட்டுக்குரிய தொழில்நோயாகவும் ஏற்கப்பட்டது. நடுக்குழி எதையும் பற்றிக்கொள்ள முடியாதபோது கண் நிலைகொள்ளாமல் அலைகிறது என்பதே அதற்கு முன்வைக்கப்பட்ட முக்கிய விளக்கம். விளக்குகள் மேம்பட மேம்பட நோய் அருகியது. கரிய நிலக்கரிச் சுவரைவிட ஒளியைத் திருப்பியனுப்பும் பாறைகளுள்ள உலோகச் சுரங்கங்களில், மூடப்படாத சுடரும் பயன்பட்டதால், இந்நோய் பெரிய அளவில் தலைதூக்கவில்லை. விளக்கின் தரம் உற்பத்தியோடு மட்டும் தொடர்புடையதென்று கருதிய நிர்வாகங்களுக்கு, அது நரம்பு மண்டலத்தோடும் தொடர்புடையதென்று உணர்த்திய முதல் சான்றுகளுள் இதுவும் ஒன்று.

பொன்னின் நிறம் கூட இந்தச் செல்களின் தீர்ப்புக்கு உட்பட்டது. கூம்புகளில் மூன்று வகை உண்டு. குறுகிய, நடுத்தர, நீண்ட அலைநீளங்களில் அவை முறையே மிகுதியாகத் தூண்டப்படுகின்றன. மூன்றின் விடைகளையும் ஒப்பிட்டே மூளை நிறத்தை அறிகிறது. பொன் நீல ஒளியைப் பெருமளவு உறிஞ்சி, நீண்ட அலைநீளங்களைத் திருப்பியனுப்புவதால் மஞ்சளாகத் தெரிகிறது. குச்சிகளில் ஒரே வகை நிறப்பொருள் இருப்பதால் அவற்றுக்கு ஒப்பிட எதுவுமில்லை. நீலப்பச்சைக்கு அருகே, சுமார் 500 நானோமீட்டரில் அவற்றின் கூர்மை உச்சம் பெறும், செவ்வொளியை அவை அநேகமாக உணர்வதே இல்லை. குச்சிகள் மட்டும் இயங்கும் மங்கலில் பொன்னுக்கும் கல்லுக்கும் உள்ள நிறவேறுபாடு மறைந்து, வெளிச்சத்தின் ஏற்றத்தாழ்வு மட்டுமே எஞ்சும். தங்கவயலின் சாம்பல்நீலக் குவார்ட்சு நரம்புகளில் பொன்துகள்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியவை என்பதால், கனிமத்தின் மதிப்பைக் கண்ணை நம்பாமல், மாதிரியை உருக்கிச் சோதித்தே முடிவு செய்தார்கள்.

குச்சி செல்லின் திறன் எல்லை எதுவரை என்ற கேள்விக்கு 1942இல் நியூயார்க்கில் செலிக் ஹெக்ட், சைமன் ஷ்லேர், மாரிஸ் பிரென் ஆகியோர் விடை கண்டனர். இருளுக்கு நன்கு பழகிய கண் ஒரு கணநேர ஒளிக்கீற்றை உணரக் குச்சிகளில் 5 முதல் 14 ஃபோட்டான்கள் வரை உறிஞ்சப்பட்டாலே போதும் என்றும், அவை நூற்றுக்கணக்கான குச்சிகளின்மேல் பரவி விழுவதால் ஒவ்வொரு குச்சியும் ஒற்றை ஃபோட்டானுக்கே விடையிறுக்கிறது என்றும் அவர்கள் நிறுவினர். 1979இல் டெனிஸ் பெய்லர், ட்ரெவர் லாம்ப், கிங்-வாய் யாவ் ஆகியோர் தேரையின் தனிக் குச்சி செல்லில் அந்த ஒற்றை விடைகளை நேரடியாகவே பதிவு செய்தனர். அத்தகைய நுண்மைக்கு எதிரி வெப்பம். ஒளியே படாமல், வெப்ப அதிர்வால் மட்டும் ஒரு ரெட்டினால் தானாக நிமிர்ந்துவிட்டால் கண்ணுக்கு அது ஒளியாகவே தோன்றும். மனிதரையொத்த குரங்குகளின் குச்சிகளில் ஒரு ரொடாப்சின் மூலக்கூறு இவ்வாறு தவறு செய்யச் சராசரியாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். ஆயினும் ஒரு செல்லில் 10 கோடி மூலக்கூறுகள் இருப்பதால், இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பொய்க்குறிப்பு எழத்தான் செய்யும்.

இதே சிக்கலைத் தங்கவயலின் ஆழம் வேறொரு வகையில் எதிர்கொண்டது. ஹோமி பாபாவின் தூண்டுதலால் 1950களின் தொடக்கத்தில் பி.வி. ஸ்ரீகண்டன் அங்கே தொடங்கிய காஸ்மிக் கதிர் ஆய்வு, எம்.ஜி.கே. மேனனின் தலைமையில் வளர்ந்தது; டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் அறிவியலாளர்கள் மைசூர் மைன்ஸுக்கு அண்டையிலுள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுவி, வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோ என்னும் நுண்துகள்களின் தடயத்தை 1965இல் அறிவித்தனர். உலகில் இதை முதலில் கண்டவர்களுள் இக்குழுவும் ஒன்று. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கப் பொற்சுரங்கம் ஒன்றிலும் மற்றொரு குழு கண்டது. துகள் கடக்கும்போது மினுக்கும் நெகிழித் தகடுகளையும், அந்த மினுக்கைப் பிடித்து மின்துடிப்பாகப் பெருக்கும் ஒளிப்பெருக்கிக் குழாய்களையும் அக்கருவி கொண்டிருந்தது. ஒளிப்பெருக்கிக் குழாயில் ஒரு ஃபோட்டான் ஓர் எலக்ட்ரானைத் தட்டிவிட, அது அடுத்தடுத்த தகடுகளில் மோதி இலட்சக்கணக்காகப் பெருகுகிறது; குச்சி செல்லில் ஒரு மூலக்கூறு அதே பணியைப் புரதங்களின் தொடரால் செய்கிறது. வெப்பத்தால் தானாக எழும் பொய்த்துடிப்புகள் அக்குழாயையும் தொல்லைப்படுத்தும். இரண்டுக்கும் தீர்வும் ஒன்றே: அருகருகே பல உணரிகள் ஒரே கணத்தில் ஒத்து விடையளித்தால் மட்டுமே குறிப்பை நம்புவது. விழித்திரையில் பல குச்சிகள் ஒரே நரம்புப் பாதையில் குவிந்து, அங்கே சிறு இரைச்சல்கள் வடிகட்டப்படுகின்றன. மேலே கேப் லாம்ப் அணிந்த தொழிலாளி, கீழே நியூட்ரினோவுக்குக் காத்திருந்த கருவி, இரண்டுமே ஒரே பாறையின் இருளில் ஒரே இயற்பியல் எல்லையோடு போராடின.

இத்தனை நுட்பமான அமைப்பு உணவின் ஒரு சிறு கூறை நம்பியிருப்பது கவலைக்குரியது. ரெட்டினாலின் மூலம் வைட்டமின் ஏ. அது குறைந்தால் முதலில் தடுமாறுவது குச்சிகள், அதன் அறிகுறியே மாலைக்கண். களியோ சோறோ மட்டும் வயிற்றை நிறைக்கும் ஏழைக் குடும்பத்தில், முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, பால், முட்டை ஆகியவை இல்லையேல் இக்குறை பிள்ளைகளைத் தாக்கி, முற்றினால் கருவிழியையே கரைத்து நிரந்தரக் குருடாக்கும். குன்னூரில் தோன்றி 1958இல் ஐதராபாத்துக்கு மாறிய தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வுகளை ஒட்டி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 இலட்சம் அலகு வைட்டமின் ஏ-யைச் சிறு குழந்தைகளுக்கு வாய்வழி புகட்டும் தேசியத் திட்டம் 1970இல் தொடங்கியது. மாலைக்கண் ஒரு மருந்துச் சிக்கல் என்பதைவிடப் பெரிதும் உணவுச் சிக்கல், அதாவது கூலிச் சிக்கல்.

குச்சி, கூம்பு ஆகிய இரண்டோடு கணக்கு முடிந்தது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. விழித்திரையிலிருந்து மூளைக்குச் செல்லும் சுமார் 10 இலட்சம் நரம்பிழைகளுக்குரிய செல்களில் மிகச் சிலவற்றில் மெலனாப்சின் என்ற வேறொரு ஒளியுணர் புரதம் இருப்பதும், அச்செல்கள் குச்சி, கூம்புகளின் துணையின்றியே நீல ஒளியை, குறிப்பாகச் சுமார் 480 நானோமீட்டரை, உணர்வதும் 2002இல் ஐயமின்றி நிறுவப்பட்டன. இவை உருவங்களைக் காட்டுவதில்லை. பொழுது பகலா இரவா என்பதை மூளையின் உயிர்க்கடிகாரத்துக்குத் தெரிவித்து உறக்கம், உடல்வெப்பம், சுரப்புகள் ஆகியவற்றின் நேரத்தை ஒழுங்குபடுத்துகின்றன. முழுப் பார்வை இழந்தோர் சிலருக்கும் இந்த நேரம் பிசகாமல் இருப்பதன் விளக்கம் இதில் கிடைத்தது. இரவு ஷிப்ட் முடித்து விடிந்தபின் கூண்டிலிருந்து வெயிலுக்கு வந்த தொழிலாளியின் கண்ணில் அந்த ஒளி முதலில் எழுப்பிய செய்தி, உறங்கப்போகும் உடலுக்கு நேர் எதிரானது. சுழற்சி முறையில் ஷிப்ட் மாறும்போதெல்லாம் இந்த முரண் புதிதாகத் தொடங்கியது. இச்செல்களின் பணி தெளிவாவதற்கு ஓராண்டுக்கு முன்பே சுரங்கம் மூடப்பட்டுவிட்டது. இன்று மாரிக்குப்பத்திலிருந்தும் தங்கவயலின் பிற நிலையங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, பொழுது சாய்ந்தபின் திரும்புகிறார்கள். அவர்களில் பலர் பகல் முழுவதும் இருப்பது 300 முதல் 500 லக்ஸ் அளவுள்ள உள்ளறை வெளிச்சத்தில், வெளியே மர நிழலிலேயே அதைப்போல் 20 மடங்கு ஒளி இருக்கிறது. மெலனாப்சின் செல்கள் பகல் என்று உறுதியாகக் கொள்வதற்கு அந்த அறையொளி போதுமானதாக இல்லை என்பதையே உயிர்க்கடிகாரம் பற்றிய அண்மை ஆய்வுகள் சுட்டுகின்றன.